படைத்த பிறகே உண்பது ஏன்?

கேள்வி: நான் ஒலுவிலில் வசிக்கும் முஸ்லிம் ஆசிரியை. என்னோடு படிப்பிக்கும் காரைதீவு, திருக்கோவில் தோழிகள் தைப்பொங்கல், நவராத்திரி, ஆடி அமாவாசை என்று வீட்டிலேயே பூசை செய்கிறார்கள். கோயில் பக்கத்திலேயே இருக்க வீட்டில் ஏன் என்று கேட்டால், "காலங்காலமாகச் செய்து வருகிறோம்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இந்த வீட்டுப் பூசைக்கு ஆன்மிகப் பொருள் ஏதும் உண்டா, அல்லது சமையலும் கொண்டாட்டமும்தானா? பூசையில் வைத்த உணவை நாங்கள் உண்பதில்லை. அதனால் அவர்கள் மனம் நோகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.
— வாசகி, ஒலுவில்

பதில்: சமையல்தானா என்று கேட்டீர்கள். ஆம், சமையல்தான், அந்தச் சமையலுக்குள்ளேதான் வழிபாடு இருக்கிறது. சைவ ஆகமங்கள் பூசையைப் பரார்த்தம், ஆன்மார்த்தம் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. பரார்த்த பூசை கோயிலில் உலகத்தார் அனைவருக்காகவும் சிவாச்சாரியார் செய்வது. அன்றைக்கு நீங்களோ நானோ போகாவிட்டாலும் அது நடக்கும். ஆன்மார்த்த பூசை ஒருவர் தம் பொருட்டுத் தாமே செய்வது. அதை முறைப்படி நாள்தோறும் செய்யத் தீட்சை வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் பண்டிகை நாளில் வீட்டார் கூடிப் படைத்துக் கும்பிடுவதற்குத் தீட்சையும் வேண்டாம், குருக்களும் வேண்டாம். கோயிலில் நாம் பெரும்பாலும் பூசையைக் காண்பவர்கள், வீட்டிலோ செய்பவர்கள். வீட்டுப் பூசையைக் கோயில் பூசையின் சிறிய நகல் என்று எண்ணுவதால்தான் உங்கள் தோழிகளுக்கும் காரணம் சொல்ல வரவில்லை என்று நினைக்கிறேன். அது வேறொரு வேலையைச் செய்கிறது.

தைப்பொங்கலையே பாருங்கள். முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, மூன்று கல் அடுப்பில் புதுப்பானை ஏற்றுகிறார்கள். பால் பொங்கி வழிந்ததும் அரிசியை அள்ளிப் போடுகிறார்கள். வெந்ததும் தலைவாழையிலையில் பொங்கலும் பழமும் கரும்பும் வைத்து, இலையைச் சுற்றி நீர் விட்டு, சூரியனை நோக்கிக் கற்பூரம் காட்டுகிறார்கள். விடியலிலிருந்து பசியோடு நிற்கும் பிள்ளைகூட அந்த நேரத்தில் இலையைத் தொடாது. என் கணிப்பில், பூசையின் உயிர் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. உணவு ஆயத்தம், பசியும் உண்டு, காசு கொடுத்து வாங்கியதும் நாம்தான். இருந்தும் அது இன்னும் நம்முடையதாகவில்லை. அம்பாறை நெல் விளையும் மாவட்டம். பெரும்போக அறுவடை தொடங்கும் காலத்தில்தான் தை பிறக்கிறது. வயல் வைத்திருப்பவருக்குத் தெரியும், அந்த அரிசியில் தன் உழைப்பு ஒரு பங்கு. மழை, வெயில், வாய்க்கால் நீர், கூலியாட்களின் கை எல்லாம் மற்றப் பங்குகள். தனக்கென்று மட்டும் சமைப்பவர் பாவத்தையே உண்கிறார் என்று பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் கடுமையாகச் சொல்கிறது. படைத்துவிட்டு உண்பது அந்தப் பாவத்திலிருந்து விலகும் வழி. உடைமை என்ற எண்ணத்தைச் சிறிது நேரம் கீழே இறக்கி வைக்கும் பயிற்சி என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மற்றப் பண்டிகைகளிலும் இதுவே நடக்கிறது. பாடசாலைகளில் வாணி விழாவைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிப் பூ வைத்து, விஜயதசமிவரை படிக்காமல் விடுகிறார்கள். நான் கற்றது என்று எண்ணும் கல்வியும் ஒரு நாள் கைவிட்டுப் போய், பெற்றுக்கொண்ட ஒன்றாகத் திரும்பி வருகிறது. ஆடி அமாவாசை இன்னும் தெளிவானது. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலில் நடக்கும். தகப்பனை இழந்தவர்கள் அங்கே நீராடிவிட்டு வீட்டுக்கு வந்து, விரதச் சோறு சமைத்து, முன்னோருக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, அதற்குப் பிறகே சாப்பிடுகிறார்கள். கடற்கரையில் தொடங்கும் வழிபாடு வீட்டு இலையில்தான் முடிகிறது. திருக்குறளின் 'இல்வாழ்க்கை' அதிகாரம், இல்லறத்தான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று ஐவரை அடுக்குகிறது. தான் என்பது கடைசியில் நிற்கிறது. பண்டிகைச் சமையலறையில் அந்த வரிசை வருடத்துக்குச் சில முறையாவது அப்படியே பின்பற்றப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உங்கள் அயலிலேயே பிறந்திருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், இறைவன் விரும்புவது செடியில் பூக்கும் மலரை அல்ல என்று 'ஈசன் உவக்கும் மலர்' பாடலில் சொன்னார். உள்ளமே மலர் என்றால் இலையும் பானையும் கற்பூரமும் எதற்கு? பாடலைக் கடைசிவரை படித்தால் விடை கிடைக்கும். உள்ளத்தை முதலில் சொன்ன அவர், அடுத்துக் குவித்த கைகளையும் நோக்கும் கண்களையும் மலர்களாகச் சொல்கிறார். கையும் கண்ணும் உடம்பு. உள்ளம் கையை அசைக்காமல் தனியே வழிபட்டுவிடும் என்று அவர் சொல்லவில்லை; வாங்கி வைத்த பூவால் மட்டும் கடன் தீராது என்கிறார். பூசையே வேண்டாம் என்பதற்கு இதை ஆதாரம் காட்டுவது பொருந்தாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அலங்கரித்துவிட்டு, வாசலில் வந்து நிற்பவருக்கு ஒரு பிடி கொடுக்காத வீட்டை நோக்கி இதைச் சொன்னால் முழுக்கப் பொருந்தும். மனிதருக்குக் கொடுப்பது இறைவனைச் சேரும், கோயிலுக்குக் கொடுப்பது மனிதரைச் சேராது என்று திருமூலரும் திருமந்திரத்தில் சொல்லியிருக்கிறார். பட்டாசிலும் புதுச்சேலையிலும் முடிந்துபோகும் தீபாவளியில் ஆன்மிகம் எங்கே என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் மறுக்கமாட்டேன்.

நீங்கள் கேட்காத இன்னொரு மறுப்பும் உண்டு. உடைமை, பகிர்வு என்று எவ்வளவு பேசினாலும் அடுப்படியில் வெந்து கடைசியில் சாப்பிடுவது ஒரு பெண்தானே? இது உண்மை. உங்கள் கரையோரத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கூர்மையும் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. வீடு சீதனமாக மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வீடு அவளுடையது, அந்த வீட்டின் வழிபாட்டைத் தாயிடமிருந்து வாங்கி மகளுக்குக் கொடுப்பவளும் அவளே. அப்படியிருக்க அவள் மட்டும் கடைசி ஆளாக இருப்பதைக் குறள் நியாயப்படுத்தவில்லை. தான் கடைசி என்பது இல்லறத்தார் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் வரிசை. இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவதற்கு உரியதல்ல. ஆண்கள் தேங்காய் துருவி, பாத்திரம் கழுவி, இலை போட்டுப் பரிமாறாத வீட்டில் பூசை பாதிதான் நடந்திருக்கிறது என்று சொல்வேன்.

இனி உங்கள் தயக்கம். பூசையில் வைத்ததை உண்பதில்லை என்பது உங்கள் மார்க்கத்தின் முடிவு. அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அதற்குத் தேவையும் இல்லை. இறைவனைப் பற்றிய கொள்கையில் இரண்டு சமயங்களும் வேறு. அதை மழுப்பிப் பேசுவது இரண்டுக்கும் மரியாதையாகாது. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சியை உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடும் உங்களுக்கு, இறைவனின் பெயரால் ஆக்கியது வீட்டுக்குள்ளேயே முடங்கக்கூடாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படைக்காத தனிப்பானையிலிருந்து உங்களுக்குத் தருவதால் அவர்கள் பூசைக்கு எந்தக் குறையும் வராது. விருந்தினருக்கு உரியது விருந்தினருக்குப் போகிறது, அவ்வளவுதான். இந்து அயலவருக்கு மாட்டிறைச்சியைத் தவிர்த்து வட்டிலப்பம் அனுப்பும் முஸ்லிம் வீடுகள் காட்டும் அதே கவனம் இது. முடிந்தால் மாலையில் போகாமல் காலையிலேயே போங்கள், வீட்டார் தாங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பே.