தற்சுழற்சிப் பொறி: எந்தத் தனி உறுப்புக்கு எது?

ஹைட்ராக்சில் தனி உறுப்பு உயிரணுவுக்குள் சில நானோநொடிகளே நிலைத்திருக்கும். எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வுக் கருவியால் அதை நேரடியாகப் பிடிக்க முடியாது. எனவே தற்சுழற்சிப் பொறியாக நைட்ரோன் வகைச் சேர்மம் ஒன்றை முன்கூட்டியே கலந்து வைப்பார்கள். தனி உறுப்பு அதனுடன் இணைந்து, நிமிடக்கணக்கில் நீடிக்கும் நைட்ராக்சைடாக, அதாவது சேர்க்கைப் பொருளாக, மாறும். கருவி அளப்பது அந்த நைட்ராக்சைடைத்தான். தேடப்படும் தனி உறுப்பு எது என்று முடிவு செய்த பிறகே பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹைட்ராக்சிலுக்கு முதல் தேர்வு டி.எம்.பி.ஓ. என்ற நைட்ரோன். நீரில் எளிதில் கரையும்; ஹைட்ராக்சிலுடன் இதன் வினைவேக மாறிலி 10⁹ M⁻¹s⁻¹ என்ற அளவில் இருக்கிறது. 1:2:2:1 என்ற உயர விகிதத்தில் நான்கு கோடுகள் தெளிவாகத் தெரியும். பழைய புட்டியில் சேரும் மாசுகளும் கோடுகள் தருவதால், கிளர்வூட்டிய கரியால் தூய்மைப்படுத்தி, குளிரிலும் இருளிலும் வைப்பது அவசியம்.

சூப்பர்ஆக்சைடு என்றால் கதை வேறு. அதனுடன் டி.எம்.பி.ஓ.வின் வேக மாறிலி நூறைக்கூட எட்டாது. உயிரணுவில் உள்ள சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியோ 10⁹ அளவிலான வேக மாறிலியுடன் அதைத் தீர்த்துவிடுகிறது. இந்தப் போட்டியில் பொறி வெல்லவே முடியாது. அதனால் 50 முதல் 100 மில்லிமோலார் வரை டி.எம்.பி.ஓ. ஊற்ற வேண்டியிருக்கிறது, அப்போதும் பெரும்பாலும் உயிரணுவுக்கு வெளியே வருவதே சிக்கும். சிக்கியபின் உருவாகும் சேர்க்கைப் பொருளுக்கும் உடலியல் கார அமில நிலையில் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நிமிடமே. அதைவிடக் கேடு, அது சிதைந்து ஹைட்ராக்சிலின் அதே நான்கு கோடுகளைத் தரக்கூடும். இங்கே டி.இ.பி.எம்.பி.ஓ. என்ற நைட்ரோனே சிறந்தது: 1990களில் பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் உருவாக்கிய இதில் அரை ஆயுள் கால் மணி நேரத்தை நெருங்கும், அந்த ஏமாற்று மாற்றமும் தானாக நிகழாது. பாஸ்பரஸ் அணுவால் நிறமாலையில் கோடுகள் பெருகிச் சிக்கலாவதுதான் இதன் குறை. கணினியில் பொருத்திப் பார்த்தே படிக்க வேண்டும்.

கார்பன் மையத் தனி உறுப்புகளுக்குப் பி.பி.என். என்ற நைட்ரோன் பொருந்தும். கார்பன் டெட்ராகுளோரைடு தந்த எலிகளின் கல்லீரலில் டிரைகுளோரோமெத்தில் உறுப்பைக் காட்டியது இதுவே. கொழுப்பில் கரைவதால் சவ்வுகளை அடையும். நீரில் கரையும் உறவுச் சேர்மமான பி.ஓ.பி.என். பித்தநீர், சிறுநீர் ஆய்வுகளுக்கு உதவும். ஹைட்ராக்சிலுக்கு இரண்டும் வேண்டாம். சேர்க்கைப் பொருள் விரைவில் சிதைந்துவிடும்.

நைட்ரிக் ஆக்சைடை நைட்ரோன்கள் பிடிப்பதில்லை. அதற்கு இரும்பு டைதயோகார்பமேட்டு வேண்டும். எந்தப் புரதத்தில் தனி உறுப்பு தோன்றியது என்பதே கேள்வியானால், டி.எம்.பி.ஓ. சேர்க்கையை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் முறை நல்லது. ஒத்ததிர்வுக் கருவியே தேவைப்படாது.

எந்தப் பொறியானாலும் சரிபார்ப்புச் சோதனை இல்லாத நிறமாலையை நம்பக் கூடாது. இரும்பு அயனி இருந்தால், நீரே டி.எம்.பி.ஓ.வுடன் சேர்ந்து ஆக்சிஜனேற்றமடைந்து, ஹைட்ராக்சில் இல்லாமலே நான்கு கோடுகளை எழுப்பும். டிஸ்மியூட்டேஸ் சேர்த்ததும் குறிகை மறைந்தால் மூலம் சூப்பர்ஆக்சைடு. கேட்டலேஸ் நொதியால் மறைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. எத்தனால் சேர்த்ததும் நான்கு கோடுகள் தேய்ந்து, ஹைட்ராக்சிஎத்தில் உறுப்புக்குரிய ஆறு கோடுகள் எழுந்தால் அது ஹைட்ராக்சிலுக்கு வலுவான சான்று. நான்கும் அசையாமல் நின்றால் அந்த நிறமாலையைச் சான்றாகக் காட்டக் கூடாது.