ஈறில் ரத்தம் வந்தால் சும்மா விடலாமா?



"பல் தேய்ச்சா ரத்தம் வருது, உடம்பு சூடுதான்" என்று ஊத்துக்கோட்டை குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அது சூடு இல்லை, ஈறு நோய். புண்ணான ஈறு வழியே கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன.

ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோயும் அதிகம் காணப்படுகிறது. ஆனால் ஈறு நோயால்தான் மாரடைப்பு வருகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை என்று 2012-இல் அமெரிக்க இதய சங்கம் சொன்னது. புகையிலையும் சர்க்கரை நோயும் இரண்டையுமே கெடுக்கும்.

முக்கியமாக, இதய வால்வு மாற்றியவர்கள் பல் பிடுங்கும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வால்வில் கிருமி தங்கினால் உயிருக்கே ஆபத்து.

நாம் செய்ய வேண்டியவை:

1. காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல் தேய்ப்போம்.
2. செங்கல் தூள், சாம்பல், புகையிலையைத் தவிர்ப்போம்.
3. ரத்தம் தொடர்ந்தால் பல் டாக்டரிடம் காட்டுவோம்.

அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: நம் குழுவில் யாருக்கு ஈறில் ரத்தம் வருது?