விளையாடத் தோணும்போது மூணு நிமிஷம் நில்லுங்க

"ஒரு மேட்ச் மட்டும்மா" என்று சொல்லிவிட்டு மகன் போனை எடுக்கிறான். மணி இரவு 11. விடியற்காலையில் உப்பளத்துக்குக் கிளம்ப வேண்டிய அம்மா தூங்கிவிடுகிறார். 3 மணிக்குக் கண் விழித்தால், போர்வைக்குள் இன்னும் வெளிச்சம் தெரிகிறது. பெருமுக்கல், மரக்காணம் பக்கம் இப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

போனைப் பிடுங்கினால் சண்டை. திருப்பிக் கொடுத்தால் பழைய கதை. பிடுங்காமலே, அவனாக நிறுத்தப் பழக ஒரு வழி இருக்கிறது. அதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில், இது அடிமைத்தனம்தானா?

விளையாடுகிற எல்லாரும் நோயாளி இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், விளையாட்டுக் கோளாறுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது.

1. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கையை மீறிப் போவது.
2. படிப்பு, வேலை, சாப்பாடு, உறவு எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாகிவிடுவது.
3. கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது.

இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, அன்றாட வாழ்க்கையை வெகுவாகப் பாதித்திருக்க வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நாமே பிள்ளைக்குப் பட்டம் கட்ட வேண்டாம்.

ஆசை ஓர் அலை

மரக்காணம் கடற்கரையில் அலையைப் பார்த்திருப்பீர்கள். எழும், உயரும், உடைந்து திரும்பும். விளையாடணும் என்ற துடிப்பும் அப்படித்தான். குடி, புகைப் பழக்கத்தில் இருந்தவர்களுக்கு உதவிய அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஆசையோடு மல்லுக்கட்டாமல், அலை மேல் மிதப்பது போல அது தணியும் வரை கவனித்திருக்கக் கற்றுக்கொடுத்தார். 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனப்படும் மனக்கவனப் பயிற்சியில் இதுவும் ஒரு பகுதி.

2017இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுக் கோளாறோ, சிக்கலான விளையாட்டுப் பழக்கமோ உள்ள 30 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரம் மனக்கவனத்தை மையமாக வைத்த பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு ஆதரவுக் குழுப் பேச்சு. பயிற்சி பெற்றவர்களுக்கு அறிகுறிகளும் ஆசையும் கூடுதலாகக் குறைந்தன. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

செய்து பார்ப்போம்

முதல் நிமிஷம்: போனைக் கவிழ்த்து வையுங்க. உடம்பைக் கவனிங்க. விரல் துறுதுறுங்குதா? நெஞ்சு படபடங்குதா? "இப்போ விளையாடணும்னு தோணுது" என்று மனசுக்குள் சொல்லுங்க. உங்களையே திட்டிக்க வேண்டாம்.

இரண்டாவது நிமிஷம்: பெருமுக்கல் மலை ஏறும்போது, பாதியில் நின்றால் மூச்சு தானாகவே கவனத்துக்கு வரும், இல்லையா? அதே மாதிரி மூச்சு உள்ளே போறதையும் வெளியே வர்றதையும் பாருங்க. மனசு விளையாட்டுக்கு ஓடும். ஓடட்டும். திரும்பக் கூட்டிட்டு வாங்க. பத்து தடவை ஓடினா பத்து தடவை. அப்படிக் கூட்டிட்டு வர்றதுதான் பயிற்சியே.

மூன்றாவது நிமிஷம்: "எனக்கு இப்போ உண்மையில என்ன வேணும்?" என்று கேளுங்க. தூக்கமா? யாரோடயாவது பேசணுமா? நாளைய பரீட்சை பயமா? பதில் கிடைச்ச பிறகு முடிவெடுங்க. விளையாடுவதுதான் முடிவு என்றால், எத்தனை மணிக்கு நிறுத்தப் போறீங்க என்று சொல்லிட்டு ஆரம்பிங்க.

தினமும் ஒரே நேரத்தில், ஆசை வராத போதும் இதைச் செய்யுங்க. அப்போதுதான் ஆசை வரும்போது கைகொடுக்கும். சில நாள் தோற்பீங்க. அதையும் நோட்டில் குறித்து வையுங்க.

வீட்டில் உள்ளவர்களுக்கு

"நீ போய் தியானம் பண்ணு" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கூடவே உட்காருங்கள். இரவில் எல்லார் போனும் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்து.

எப்போது உதவி கேட்பது?

தூக்கம், பள்ளி, வேலை கெட்டுப்போகிறது, பயிற்சியும் பலன் தரவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். நேரில் போக, முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், அது பயிற்சிக்கான நேரமில்லை. தனியே விடாமல், உடனே 14416ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

இன்று இரவு அந்தப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால், சத்தம் போடாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். "வா, மூணு நிமிஷம் சேர்ந்து உட்காரலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.