முதல் லோடு இறங்கும் முன்

அன்புள்ள மருமகனுக்கு,

பாறசாலையில் முதல் வீட்டு வேலையை எடுத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். வானம் தோண்ட ஆள் பேசுவதற்கு முன், ஒருநாள் காலையில் பிளானோடு தனியாகப் போய் மனையில் நில். எது எங்கே கிடக்க வேண்டும் என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போடு.

என் இளவயதில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு வேலை. 8 சென்ட் மனை. டிப்பர் வந்ததும், காலியாகக் கிடந்த மூலையில் மணலைத் தட்டச் சொன்னேன். செப்டிக் டேங்க் தோண்ட வேண்டிய இடமே அதுதான் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு பெண்கள் அத்தனை மணலையும் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து மாற்றத் தொடங்கினார்கள். பாதி மாறியபோது இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது; மீதி மணல் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு ஓடியது. அந்தப் பெண்கள் நடந்த நடையில் ஒரு சட்டிகூடச் சுவரில் சேரவில்லை. அது என் தவறு.

அதனால், கடைசியில் தோண்டப்போவதை முதலில் குறி. குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் செப்டிக் டேங்கோ உறிஞ்சுகுழியோ கூடாது என்பது கேரளக் கட்டட விதி. மிச்சமிருக்கும் நிலம்தான் உன் களம்.

மேடான பக்கம் சிமென்ட் கொட்டகை. தரையிலிருந்து 15 செ.மீ.க்குக் குறையாமல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்கு; பத்து மூட்டைக்கு மேல் உயர்த்தாதே. முதலில் வந்த மூட்டை முதலில் வெளியே போக வழி விடு. கம்பி 12 மீட்டர் நீளம்; எல்லையை ஒட்டிக் கிடக்கட்டும், நடைபாதையில் குறுக்கிடக் கூடாது. மணலும் மெட்டலும் மிக்சர் பக்கத்தில், மிக்சர் வீட்டுக்குப் பக்கத்தில். தண்ணீர் பட்ட சிமென்ட் அரை மணிக்கு மேல் உனக்காகக் காத்திருக்காது.

களியக்காவிளை எல்லை தாண்டி வரும் லோடு நினைத்த நேரத்துக்கு வராது. இரண்டு நாள் வேலைக்கான பொருள் போட இடம் வைத்துக்கொள். செம்மண் வழி மழையில் குழைந்துவிடும். டிப்பர் ஏறும் இடத்தில் முன்கூட்டியே கல் பரப்பு.

குடிநீரும் கழிப்பறையும் பெரிய வேலைத்தலங்களில் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. உன்னிடம் நான்கு பேர்தான் என்றாலும் முதல் நாளே செய்து கொடு. பெண்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

கோடு போட்டு முடித்ததும் போன் பண்ணு. பஸ் ஏறி வருகிறேன். வெறுஞ்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மணல் கிடக்கப்போகும் இடத்திலிருந்து சுவர் எழும் இடம் வரை நாம் இருவரும் ஒருதரம் நடந்து பார்ப்போம். அதற்குப் பிறகு முதல் லோடு இறங்கட்டும்.

அன்புடன்,
உன் மாமா