மெனுவில் நம் கட்டளை



உணவு விடுதிக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்கும் பலகையைப் பார்க்கிறோம். இட்லி, பொங்கல், ரவா தோசை என்று வரிசையாக எழுதியிருக்கும். பலகை சமைப்பதில்லை; அடுப்படியில் இருப்பவரே சமைக்கிறார். பலகையில் எழுதியிருப்பதும் அடுப்படியில் நடப்பதும் ஒத்திருந்தால்தான் நாம் கேட்டது இலைக்கு வரும். கணினித் திரையில் நாம் காணும் மெனுவும் இத்தகைய பலகையே. அதில் நாமே ஒரு கட்டளையைச் சேர்க்க முடியுமா? முடியும். இவ்வாண்டு எங்கள் வகுப்பில் அதைச் செய்து பார்த்தோம். ஒரு தவறும் செய்தோம். இரண்டையும் இங்கே சொல்கிறோம்.

நிரல் எழுத உதவும் மென்பொருளைக் கோட் எடிட்டர் என்பர். அதில் இல்லாத வசதியை வெளியிலிருந்து சேர்க்கும் சிறு நிரலே பிளக்-இன். இது புதிய எண்ணம் அன்று. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஈமாக்ஸ் என்னும் எடிட்டரிலேயே, பயன்படுத்துவோர் தத்தம் கட்டளைகளைச் சேர்த்துக்கொண்டனர். நாங்கள் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட். இது விலையின்றிக் கிடைக்கிறது. இதில் பிளக்-இன்னை எக்ஸ்டென்ஷன் என்று அழைக்கிறார்கள்.

எங்கள் நூலகத்தின் பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பணி எங்களுக்குக் கிடைத்தது. வரிக்கு ஒரு நூலாகத் தட்டச்சு செய்தோம். ஒவ்வொரு வரியின் முன்னும் பதிவேட்டிலுள்ள வரிசை எண் வர வேண்டும். அத்தனை எண்களையும் கையால் இடுவானேன்? மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் தோன்றும் மெனுவில் 'எண் இடு' என்றொரு கட்டளையைச் சேர்க்க முடிவு செய்தோம்.

எக்ஸ்டென்ஷனில் முக்கியமான கோப்புகள் இரண்டு. முதலாவது, பேக்கேஜ் டாட் ஜேசான். இதுவே பலகை. இதில் 'கான்ட்ரிபியூட்ஸ்' என்னும் பகுதியில் இரண்டு செய்திகளைத் தருகிறோம். 'கமாண்ட்ஸ்' என்ற இடத்தில் கட்டளையின் அடையாளப் பெயரும், திரையில் தெரிய வேண்டிய தலைப்பும் வரும். தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம். 'மெனுஸ்' என்ற இடத்தில், கட்டளை எந்த மெனுவில் தோன்ற வேண்டும் என்று குறிக்கிறோம். வலப் பொத்தான் மெனுவுக்கு 'எடிட்டர்/கான்டெக்ஸ்ட்' என்று பெயர்.

இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் டாட் ஜேஎஸ். இதுவே அடுப்படி. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படுவது. இதிலுள்ள 'ஆக்டிவேட்' என்னும் பகுதியில், 'ரெஜிஸ்டர் கமாண்ட்' என்று கூறி, அதே அடையாளப் பெயரைத் தந்து, செய்ய வேண்டிய வேலையை எழுதுகிறோம்.

'அதே' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடையாளப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மெனுவில் தலைப்புத் தோன்றும். ஆனால் அதை அழுத்தினால் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்ற செய்திதான் வரும். பலகையில் ரவா தோசை. அடுப்படியில் மாவு இல்லை!

எழுதி முடித்து எஃப்5 விசையை அழுத்தினால், சோதித்துப் பார்ப்பதற்கென்றே இன்னொரு ஜன்னல் திறக்கும். அதில் எங்கள் தலைப்பைக் கண்டதும் கைதட்டினோம். அழுத்தினோம், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லா வரிகளுக்கும் எண் விழுந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தோம், சரியாக இருந்தது. உடனே நூல்களின் முதுகில் ஒட்டும் சீட்டுகளை எழுதத் தொடங்கினோம்.

அறுபது சீட்டுகள் ஒட்டிய பின், நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் பழைய கையெழுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பக்கத்துக்கு இருபது நூல்கள். முதல் இருபது எண்கள் ஒத்திருந்தன. இரண்டாம் பக்கத்தில் ஒன்று கூடியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு. காரணம் என்ன? ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் நாங்கள் ஒரு வெற்று வரி விட்டிருந்தோம். கட்டளை அதையும் ஒரு நூலாக எண்ணிவிட்டது! கணினி பிழை செய்யவில்லை. நாங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்தது. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "வேகம் நல்லதுதான் பிள்ளைகளே, ஆனால் சரிபார்ப்பது அதற்கு முன்னால் வர வேண்டும்" என்று மட்டும் சொன்னார். நாற்பது சீட்டுகளை உரித்தெடுக்க எங்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின.

பிறகு கட்டளையைத் திருத்தினோம். வெற்று வரிகளைத் தாண்டிச் செல்லுமாறு எழுதினோம். எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்று முதலில் கேட்கச் செய்தோம். 'மெனுஸ்' பகுதியில் 'வென்' என்ற நிபந்தனையைச் சேர்த்து, வரிகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே கட்டளை மெனுவில் தோன்றுமாறு அமைத்தோம். தலைப்பையும் மாற்றினோம். வெறும் 'எண் இடு' அன்று. 'தேர்ந்தெடுத்த வரிகளுக்கு எண் இடு'. இம்முறை மூன்று பக்கங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பின்னரே சீட்டு எழுதினோம்.

அடுத்த ஆண்டு எங்கள் தங்கையர் இந்தப் பணியைத் தொடர்வார்கள். அவர்கள் அடுப்படியைப் பார்க்கப் போவதில்லை. பலகையை நம்பி அழுத்துவார்கள். ஆகவே மெனுவில் ஒரு பெயரை எழுதுவது, காணாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. சொன்னதைச் செய்யும் கட்டளையையே மெனுவில் வைப்போம்.