யாருக்கு எந்தத் தண்ணீர்?
சான் டியேகோ கடலில் கயாக்கில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரையில் கயாக்குகளை இறக்கி மணலில் வரிசையாக வைத்திருக்கிறோம். என்னோடு வந்திருப்பவர்கள் நான்கு பேர். ஒருவர் தூத்துக்குடிக்காரர். சிறு வயதில் மாமாவின் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். "கடல் எனக்குப் பழக்கம்தான் தம்பி" என்கிறார். அடுத்தவர் கலிபோர்னியா ஏரிகளில் பத்து வருடமாகத் தூண்டில் போடுபவர். எந்த முடிச்சையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார், ஆனால் உப்புத் தண்ணீரில் துடுப்புப் பிடித்ததில்லை. மூன்றாமவருக்கு ஜிம்மில் ஏற்றிய உடம்பு, நீச்சல் அரைகுறை. நான்காவது ஆள் அவருடைய மகள். பதினான்கு வயது, பள்ளி நீச்சல் அணியில் இருப்பவள்.

இவர்களில் யார் அனுபவசாலி? கடலுக்குள் போகும்வரை எல்லோரும் தூத்துக்குடி அண்ணனைத்தான் காட்டுவார்கள். நான் அந்தப் பெண்ணைக் காட்டுவேன்.

அனுபவம் என்பது மூன்று

கயாக்கில் மீன்பிடிக்க வருகிறவரின் அனுபவத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். முதலாவது தண்ணீர் அனுபவம்: கவிழ்ந்து விழுந்தால் பதறாமல் மீண்டும் ஏறி உட்கார முடியுமா? இரண்டாவது கயாக் அனுபவம்: எதிர்காற்றில் ஒரு மணி நேரம் துடுப்புப் போட முடியுமா, அலை உடையும் இடத்தைத் தாண்டத் தெரியுமா? மூன்றாவது மீன் அனுபவம்: இரை, முள், நரம்பு பற்றிய அறிவு.

நம்மில் பெரும்பாலோர் மூன்றாவதை வைத்துத்தான் நம்மை எடை போடுகிறோம். ஆனால் அதைத் தண்ணீரில் இருக்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம். முதல் இரண்டையும் கரையிலேயே சோதித்துவிட வேண்டும். எந்த இடத்துக்குப் போவது என்பதை முதல் அனுபவம் முடிவு செய்யட்டும், எவ்வளவு தூரம் என்பதை இரண்டாவது. எந்த மீன் என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

இங்குள்ள கடல் குளிர்ந்தது. வடக்கிலிருந்து இறங்கும் கலிபோர்னிய நீரோட்டத்தால் குளிர்காலத்தில் நீர் 14 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், கோடையிலேயே சுமார் 20தான். ராமேஸ்வரத்தில் முங்கி எழுந்த நினைவோடு இதில் விழுபவருக்கு முதல் நிமிடம் மூச்சே தடுமாறும். அரைகுறை நீச்சல்காரர்களை நினைத்து இங்கே நான் அஞ்சுவது அதனால்தான்.

முதல் தேர்வு: மிஷன் பே

ஒரு காலத்தில் இது சதுப்பு நிலம். 1940களின் பிற்பகுதியிலிருந்து தூர்வாரி உருவாக்கிய நீர்ப்பூங்கா, சுமார் 4,200 ஏக்கர். ஏறத்தாழ பாதி தண்ணீர், மீதி தரை. கடலோடு ஒரு கால்வாயால் இணைந்திருப்பதால் ஏற்றவற்றம் உண்டு, உப்பு உண்டு, கடல்மீனும் உண்டு. அலை மட்டும் உடைவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் கரை கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும்.

கடற்புல் திட்டுகளின் ஓரம் புள்ளி பாஸ் கடிக்கும். மணல் தரையில் தட்டை மீனான ஹாலிபட் புதைந்து கிடக்கும். ஹாலிபட் 22 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். பெரும்பாலான நாட்களில் கையளவு மீன்தான் சிக்கும். ஆனால் முதன்முறை வருகிறவர் நான்கு மணி நேரத்தில் பத்து முறையாவது தூண்டிலில் இழுப்பை உணர்வார். கடலில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

குறைகளும் உண்டு. வார இறுதியில் ஜெட் ஸ்கீயும் வேகப்படகும் அலைக்கழிக்கும். ஆகவே ஓரமாகவே போக வேண்டும், உயரமான கொடி ஒன்று கயாக்கில் நிற்க வேண்டும். ஆழமில்லாத இடத்தில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடக்க வேண்டும். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். மேலே மிதித்தால் முள்ளை ஏற்றும், தேய்த்து நடந்தால் விலகிப் போய்விடும்.

யாருக்கு: நீச்சல் அரைகுறையாக இருப்பவர், முதன்முறை வருகிறவர், சிறுவர்கள், கயாக்கைப் புதிதாக வாங்கிப் பழகுகிறவர்.

இரண்டாவது தேர்வு: லா ஹோயா

அமெரிக்க மேற்குக் கரையில் கயாக் தூண்டில்காரர்கள் பெயர் சொல்லித் தேடி வரும் இடம் இது. காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி இறங்குகிறது. ஆழத்தின் குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. அருகிலேயே கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காடு. இரை மீன் அங்கே கூடுகிறது, அதைத் தின்னும் பெரிய மீன் பின்னாலேயே வருகிறது. விசைப்படகில் போகிறவர்கள் பிடிக்கும் மீனை இங்கே துடுப்புப் போட்டே எட்டிவிடலாம்.

வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை யெல்லோடெயில் வரும். ஏழெட்டுக் கிலோ மீன் சாதாரணம், பதினைந்தும் உண்டு. ஒயிட் சீபாஸ் நம்மூர்க் கத்தாழைக் குடும்பத்து மீன். 28 அங்குலம் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். கெல்ப் ஓரத்தில் காலிகோ பாஸ் ஆண்டு முழுக்கக் கிடைக்கும், அதற்கு 14 அங்குலம். அளவும் எண்ணிக்கையும் மாறக்கூடியவை என்பதால் போகும் வாரத்தில் மாநில மீன்வளத் துறையின் விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கே இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். முதல் வாசல் அலை. லா ஹோயா முனை தென்மேற்கு அலைகளை ஓரளவு மறைப்பதால் கோடையில் பல நாள் முழங்கால் உயரந்தான் இருக்கும். குளிர்காலத்தில் வடமேற்கு அலை வந்தால் நிலைமை வேறு. இரண்டாவது வாசல் சட்டம். கரையை ஒட்டி, குமேயாய் பழங்குடி மொழிப் பெயர் தாங்கிய மாட்லாவாயில் கடல் காப்பகம் இருக்கிறது. 2012 முதல் இந்தப் பெயர், அதற்கு முன்பே 1971லிருந்து காப்பிடம். உள்ளே எதையும் பிடிக்கக் கூடாது. கடந்து போகலாம், தூண்டில் நீரில் படக்கூடாது. எல்லையை ஜி.பி.எஸ்ஸில் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டிய பிறகே முள்ளில் இரை கோர்க்க வேண்டும்.

புதியவர்களுக்கு லா ஹோயாவில் ஒரு சாதகம் உண்டு. காலையில் கடல் அமைதியாக இருக்கும். நண்பகல் நெருங்கும்போது மேற்கிலிருந்து கடற்காற்று எழும். நாம் மேற்கே போய்க் கிழக்கே திரும்புவதால், களைத்த நேரத்தில் காற்று முதுகில் கைவைத்துக் கரைக்குத் தள்ளும். ஆனால் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் சாண்டா ஆனா என்கிற வறண்ட நிலக்காற்று அடிக்கும். கரையோரம் கடல் கண்ணாடிபோல் கிடக்கும், காற்று கயாக்கைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். புதியவர்களை ஏமாற்றும் கடல் அது. சாண்டா ஆனா அறிவிப்பு இருந்தால் நான் யாரையும் கூட்டிப்போவதில்லை.

யாருக்கு: கவிழ்ந்தால் தானே ஏறத் தெரிந்தவர், இரண்டு மூன்று முறையாவது மிஷன் பேயில் பழகியவர். மீன் அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது தேர்வு: பாயிண்ட் லோமா

பாயிண்ட் லோமாவுக்கு வெளியே இருக்கும் கெல்ப் காடு பெரியது, கூட்டம் குறைவு. ஆனால் புறப்படும் படகுத்துறை எதுவானாலும் பல கிலோமீட்டர் போக வேண்டும், அதே தூரம் திரும்பவும் வேண்டும். நடுவில் களைத்தால் ஒதுங்குவதற்கு நல்ல கரை இல்லை, பாறைதான். சான் டியேகோ விரிகுடாவின் வாயில் போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் வந்துபோகும். கடற்படைக் கப்பலுக்கு 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம்.

படகுத்துறையில் அலை கிடையாது என்பதால் சிலர் இதை லா ஹோயாவைவிட எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். புறப்படுவது எளிதுதான். திரும்புவது எளிதல்ல.

யாருக்கு: லா ஹோயாவில் ஒரு பருவம் முழுக்கப் போய்வந்தவர். அவரும் தனியாகப் போகக் கூடாது.

எந்தக் கயாக்?

இந்தக் கடலில் மேலே உட்காரும் வகையைத்தான் எல்லோருக்கும் கொடுப்பேன். உள்ளே உட்காரும் வகையில் தண்ணீர் நிறைந்தால் நடுக்கடலில் புதியவரால் இறைத்து மாளாது. மேலே உட்காரும் கயாக்கில் ஏறிய தண்ணீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. அங்கே மரங்களின் இடுக்கு வழியே கடல் வந்துபோகும், கவிழ்ந்தாலும் மரம் மூழ்காது.

அடுத்த கேள்வி துடுப்பா, மிதியா? 1997இல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்த பிறகு, கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சமாயின. உயிர் இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெல்லப் போவதற்கு மிதி அருமை. விலையும் எடையும் கூடுதல். கெல்ப் கொடி சிக்கினால் நின்றுவிடும். கரையேறும்போது அடியில் உள்ள துடுப்புச் சிறகுகளை மடிக்க மறந்தால் மணலில் மோதி உடையும். ஏரி அனுபவம் உள்ளவர், முழங்கால் நன்றாக உள்ளவர் மிதியை எடுக்கலாம். முதல் தடவை கடலுக்கு வருகிறவர் துடுப்பில் தொடங்கட்டும். பிறகு மிதிக்கு மாறினாலும், அது பழுதானால் அவர் துடுப்பால்தான் வீடு திரும்ப வேண்டும்.

இருவர் உட்காரும் கயாக் மிஷன் பேயில் அப்பா, பிள்ளைக்கு நல்லது. அலையில் வேண்டாம். நீளமும் எடையும் கூடுதலானதால் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அடக்க முடியாது.

எல்லா விதமானவர்களும் ஒன்றாக வந்தால்

வழிகாட்டுபவருக்கு உண்மையான தலைவலி இதுதான். மூன்று வழிகள் உண்டு.

எல்லோரும் பலவீனமானவரின் தண்ணீருக்குப் போவது ஒன்று. பாதுகாப்பானது. ஆனால் தேர்ந்தவர் இரண்டு மணி நேரத்தில் கொட்டாவி விடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, புதியவர் ஒருவரை ஒப்படைத்துவிட்டால் உற்சாகமாகிவிடுவார்.

குழுவை இரண்டாகப் பிரிப்பது இன்னொன்று. இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் மட்டுமே சரி. ஒரே ஆள் இரண்டு இடத்தையும் பார்த்துக்கொள்ள முடியாது.

ஒரே தண்ணீர், வெவ்வேறு மீன் என்பது மூன்றாவது. எல்லோருக்கும் ஏறத் தெரிந்திருந்தால் எனக்குப் பிடித்தது இதுவே. புதியவர்கள் கெல்ப் கொடியை மடிமேல் இழுத்துப் போட்டு நங்கூரம்போல நின்றுகொண்டு காலிகோ பாஸ் பிடிப்பார்கள். அல்லது சபிக்கி என்னும் பல முள் கோர்த்த ஜப்பானியத் தூண்டிலால், நம்மூர் அயிலைக்குத் தூரத்து உறவான மாக்கெரலை இரைக்குப் பிடிப்பார்கள். தேர்ந்தவர்கள் அந்த இரையை வாங்கிக்கொண்டு வெளி ஓரத்தில் யெல்லோடெயிலைத் தேடுவார்கள். எல்லோரும் ஒருவர் கண்ணில் ஒருவர். வி.எச்.எஃப். ரேடியோ ஆளுக்கொன்று.

என் கணக்கு: மிஷன் பேயில் ஒரு வழிகாட்டிக்கு நான்கு புதியவர்கள், லா ஹோயாவில் இரண்டு. அலையைத் தாண்டும்போது தேர்ந்தவர் முதலில் போய் வெளியே காத்திருப்பார், புதியவர்கள் நடுவில், நான் கடைசி. கரையேறும்போதும் தேர்ந்தவர் முதலில் இறங்கி நின்று மற்றவர்களைப் பிடித்துக்கொள்வார், நான் கடைசி. தூண்டில் எல்லாம் கட்டி உள்ளே போயிருக்க வேண்டும். இறங்குவது கடல் பக்கமாகத்தான். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நின்றால், அடுத்த அலை அந்த முப்பது கிலோவை உங்கள் முழங்காலில் கொண்டுவந்து இடிக்கும்.

அன்று காலை முடிவெடுக்க

* அலையின் உயரத்தோடு அதன் இடைவெளியையும் பாருங்கள். மூன்றடி அலை எட்டு விநாடிக்கு ஒன்று வந்தால் சமாளிக்கலாம். அதே மூன்றடி பதினைந்து விநாடி இடைவெளியில் வந்தால் கரையில் பலமாக உடையும். பத்து நிமிடம் நின்று எண்ணிய பிறகே இறங்குங்கள்.
* மூடுபனியில் கரை மறைந்தால் புதியவர்களோடு புறப்பட வேண்டாம். தேர்ந்தவர்களுக்கும் திசைகாட்டியும் விசிலும் வேண்டும்.
* மிதவைச் சட்டை கயாக்கில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். 13 வயதுக்குட்பட்டவர் மட்டும் அணிந்தே ஆக வேண்டும். என் குழுவில் எல்லோரும் அணிவார்கள்.
* 16 வயது நிரம்பியவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். தென் கலிபோர்னியக் கடலுக்கு அதோடு கடல்வள மேம்பாட்டு முத்திரையும் வேண்டும்.
* காசு வாங்கிக் கூட்டிப்போகிறவரிடம் மாநில வழிகாட்டி உரிமம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை

இறங்கும் முன் நால்வரையும் இடுப்பளவுத் தண்ணீருக்குச் சற்று அப்பால் கொண்டுபோய் வேண்டுமென்றே கவிழ வைத்தேன். ஏறும் முறை எளிது. காலை உதைத்து வயிற்றால் குறுக்கே படுக்க வேண்டும், புரண்டு உட்கார வேண்டும், கடைசியில் கால்களை உள்ளே இழுக்க வேண்டும். சிறுமி முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டாள். ஏரிக்காரர் இரண்டாவதில் ஏறினார். அவள் அப்பா கயாக்கைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டார். தூத்துக்குடி அண்ணன் மூன்று முறை முயன்று, மூச்சு வாங்க, மிதவைச் சட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"வள்ளம் கவுந்தா நாலு பேரு சேந்து நிமித்துவோம் தம்பி. இங்க நான் ஒருத்தன்தான இருக்கேன்" என்றார்.

கயாக்குகளை மறுபடி வண்டியில் ஏற்றி மிஷன் பேக்குப் போனோம். ஏரிக்காரர் முகம் சுருங்கித்தான் போனது. மதியத்துக்குள் அவர் பதினோரு புள்ளி பாஸ் பிடித்து விட்டிருந்தார், அண்ணனுக்கு முடிச்சும் சொல்லிக் கொடுத்திருந்தார். அண்ணனோ தன் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் கயாக்கை இறக்க அனுமதி கிடைக்குமா என்று நிர்வாகிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.