தலையில் அடிபட்டவர் “ஒன்றுமில்லை” என்றால்...

பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, “ஒன்றுமில்லை” என்கிறார். நாமும் ஒரு சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். இரவு படுத்தவர் காலையில் எழுவதில்லை. ரத்தமே வராத அடி எப்படி உயிரை எடுத்தது என்று எல்லோரும் திகைத்து நிற்கிறோம்.

காரணம் இதுதான். நெற்றிப்பொட்டுப் பகுதியில் மண்டை எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அது கிழிந்து, ரத்தம் உள்ளேயே தேங்கி மூளையை அழுத்தும். தேங்கும் வரை சில மணி நேரம் அவர் நன்றாகவே பேசுவார். 2009-ல் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்கின்போது விழுந்தார். சிரித்துப் பேசியவருக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டே நாளில் இறந்தார்.

முதியவர்களுக்கு ஆபத்து வேறு விதம். குளியலறையிலோ ஒளூ செய்யும் இடத்திலோ வழுக்கி விழுந்தால், ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரங்கள் கழித்துக்கூடத் தடுமாற்றமும் மறதியும் வரலாம். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சிறு அடி என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடிபட்டவரை ஒரு நாளாவது தனியே விடாதீர்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்:

• சிறிது நேரமாவது நினைவு தப்புதல்
• திரும்பத் திரும்ப வாந்தி
• கூடிக்கொண்டே போகும் தலைவலி
• எழுப்பினாலும் எழாத தூக்கம், குழறும் பேச்சு
• வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம்
• காது, மூக்கில் ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்

சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள். மயங்கியவருக்குத் தண்ணீர்கூடப் புகட்டாதீர்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். போலீஸ், வழக்கு என்று அஞ்சவும் வேண்டாம். விபத்தில் உதவியவரைப் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளே கூறுகின்றன.

வருமுன் காப்பதும் நம் கையில்தான். பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். அதன் வாரை மாட்ட வேண்டும். துப்பட்டா, புர்காவின் நுனியைச் சக்கரத்தில் சிக்காதபடி மடக்கி அமர வேண்டும். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர், குளியலறைக்கு வழுக்காத தரை வேண்டும். இன்றே நம் வீட்டில் இவற்றைப் பார்த்துவிடுவோம்.